ஏட்டி விஜி, குரூப்பை விட்டுப் போகாதே

பாளையங்கோட்டை

அன்புள்ள விஜி,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க முடியவில்லை. புனேயில் மழை வெளுத்து வாங்கியதும், நீ பால்கனியில் உட்கார்ந்து சுக்குக் காப்பி குடித்ததும், உன் மருமகள் புதுச் சுடிதார் எடுத்ததும் ஸ்டேட்டஸில் பார்த்தாயிற்று. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். ஃபேஸ்புக்கை மூடிவிட்டாய், அடுத்தது நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பும்தான் என்கிறாய். "எல்லாம் பவுசு காட்டுறதுட்டி, எனக்குச் சலிச்சுப் போச்சு" என்று ஒரு பெருமூச்சு வேறு. ஃபேஸ்புக்கை மூடினதற்கு நான் ஒன்றும் சொல்லமாட்டேன். குரூப்பைப் பற்றித்தான் பேச வேண்டும். நானும் வாய்ஸில் பதில் போட்டால் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பாய். அதனால்தான் எழுத்தில்.

முதலில் ஒன்றை நினைத்துப் பார். என் அண்ணனோடு படித்தவர்கள் இன்றும் சாயங்காலமானால் முருகன்குறிச்சியில் அதே டீக்கடையில் நிற்கிறார்கள். சிலருக்குத் தலை வழுக்கை, சிலருக்குச் சர்க்கரை; மற்றபடி மாற்றமில்லை. அவர்களுக்கு ஃபேஸ்புக் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். நமக்கு அப்படியா? கல்யாணம் என்று ஒன்று வந்ததும் ஒருத்தி ஏரல், ஒருத்தி பிலாய், நீ புனே. பெயர் மாறி, இனிஷியல் மாறி, விலாசமும் மாறிப்போச்சு. கொஞ்ச நாள் இன்லேண்ட் லெட்டர் போட்டுக்கொண்டோம். அதையும் வீட்டில் நாலு பேர் படித்த பிறகுதான் நம் கையில் கொடுப்பார்கள். பிள்ளை பிறந்ததும் அது பொங்கல் வாழ்த்து அட்டையாகச் சுருங்கியது, அப்புறம் அதுவும் நின்றது. அம்மா வீட்டுக்கு வரும்போது கடைத்தெருவில் யாரையாவது பார்த்தால் உண்டு. அதுவும், "இது யாரு?" என்று பக்கத்தில் நிற்கிற மாமியார் கேட்டதும் பாதியில் முடிந்துவிடும்.

"சோஷியல் மீடியா வந்து நட்பே போச்சு" என்று பட்டிமன்றத்தில் யாராவது கை ஓங்கிப் பேசினால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். போனது யாருக்கு? நமக்கு அது போய்த் தலைமுறை ஆகியிருந்தது. இந்த ஃபேஸ்புக் சவம் வந்துதான் திருப்பிக் கொடுத்தது.

லேசில் கொடுத்துவிடவும் இல்லை. ஃபேஸ்புக் என்பது அமெரிக்காவில் ஒரு காலேஜ் விடுதியில் 2004இல் பையன்கள் தொடங்கியது, 2006இல்தான் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஒரு ஆளுக்குப் பிறந்ததிலிருந்து ஒரே பெயர், படம் என்று போட்டால் முகம் இருக்கும் என்கிற நினைப்பில் செய்தது போலத்தான் இருக்கும். நம் ஆட்களின் பக்கத்தைப் பார்த்தாயா? பெயருக்குப் பின்னால் புருஷன் பெயர் ஒட்டியிருக்கும். படத்தில் திருச்செந்தூர் முருகன், இல்லாவிட்டால் ரோஜாப்பூ, அதுவும் இல்லாவிட்டால் பேத்தி. நம் மலரை எப்படிப் பிடித்தோம்? அவளைத் தேடிக் கிடைக்காமல் அவள் தம்பியைத் தேடினோம். ஆம்பளைக்குத்தான் பெயர் மாறாதே. அவன் பக்கத்தில் வீட்டுப் பால்காய்ப்புப் படத்தின் கீழே "அக்கா எப்ப வந்த?" என்று யாரோ கேட்டிருந்ததைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். பிலாய்க்காரி கிடைத்தது அதைவிடக் கூத்து. யாரோ முன்பின் தெரியாத ஒருவர் போட்ட நம் ஊர்ச் சொதிக் குழம்புப் படத்தின் கீழே "இஞ்சிப் பச்சடி இல்லாம என்ன சொதி?" என்று அவள் சண்டைக்குப் போயிருந்தாள். அந்த அதட்டலைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒன்பதாம் வகுப்பு லீடர் இவள்தான் என்று.

குரூப் உருப்படியாக நடக்க ஆரம்பித்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகுதான். அதற்கு முன்னால் நெட் கார்டு போடணும் என்றால் பாதிப் பேர் வீட்டில் எதற்கு ஏன் என்று காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். "அந்தக் குரூப்பால என்னட்டி பிரயோஜனம்?" என்றாய். 2023 டிசம்பர் மழையை மறந்துவிட்டாயா? நீ அப்போது புனேயில் இருந்தபடி டிவியில் பார்த்தாய். இங்கே 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை கொட்டத் தொடங்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஒரு வருஷத்து மழை ஒரு நாளில் பெய்தால் குளம் எல்லாம் உடையாமல் என்ன செய்யும்? தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான பேர் ஸ்டேஷனிலேயே கிடந்தார்கள். ஏரல் தீவாகிவிட்டது. நம் ஏரல்காரி "தண்ணி தெருவுக்குள்ள வந்துட்டு, மாடிக்குப் போறோம்" என்று போட்டதோடு சரி. அப்புறம் நாம் எது அனுப்பினாலும் ஒற்றை டிக். கரண்டும் இல்லை, டவரும் இல்லை.

அந்த நாட்களில் குரூப்பில் ஒருத்தியும் குட் மார்னிங் போடவில்லை. தூத்துக்குடிக்காரி தன் வீட்டிலேயே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, படகோடு போகிறவர்களின் நம்பரை வாங்கி வாங்கிப் போட்டாள். பிலாய்க்காரி ராத்திரியெல்லாம் கன்ட்ரோல் ரூமுக்கு முயற்சி பண்ணிக்கொண்டே இருந்தாள். நடுவில் நம் 'ஃபார்வர்டு ராணி' எங்கேயோ வடக்கே எப்போதோ எடுத்த வெள்ள வீடியோவை "ஏரல் பாலம் இப்போது" என்று அனுப்பிவிட்டாள், மேலே 'பலமுறை ஃபார்வர்டு ஆனது' என்று இரட்டை அம்புக்குறி தெளிவாக இருக்கிறது! நீதான் அங்கிருந்து அவளைக் காய்ச்சி எடுத்தாய். (2018இல் வதந்தியை நம்பி ஊர் ஊராக ஆட்களை அடித்துக் கொன்ற பிறகு, இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு பண்ண முடியாதபடி வாட்ஸ்அப் கட்டிவைத்தது. நம்மாள் ஐந்து ஐந்தாக அனுப்பி முடிக்கிறாள். அவளை எந்தக் கம்பெனி கட்டும்?) கடைசியில் ஒரு மத்தியானம் நாம் அனுப்பியது எல்லாவற்றிலும் மளமளவென்று இரட்டை டிக் விழுந்தது. "உயிரோட இருக்கோம், ஃப்ரிட்ஜ் போச்சு" என்று அவளே போட்டாள். நீ அழுது அனுப்பிய வாய்ஸை நான் இன்னும் அழிக்கவில்லை.

பவுசு இல்லை என்று நான் சொல்லவில்லை. இருக்கிறது. வீட்டில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாதவர்கள் கல்யாண நாளன்று கேக் ஊட்டுகிற படம் போடுகிறார்கள். எங்கள் பேங்கில் ஒரு பொண்ணு, மாமியாரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஸ்டேட்டஸில் பொன்மொழியாகப் போடுவாள். மாமியாரும் பதிலுக்கு ஒரு பொன்மொழி. அந்தந்தச் சண்டைக்குத் தகுந்த சூரிய உதயப் படம்கூட இருவரும் கைவசம் வைத்திருக்கிறார்கள். சும்மா வேடிக்கை பார்க்க நல்ல பொழுதுபோக்கு.

ஆனால் விஜி, நம் குரூப்பில் பவுசு காட்டாமல், வாயே திறக்காமல் ஒருத்தி இருக்கிறாள். யாரைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அவள் போனை அவள் வீட்டுக்காரர் தினமும் எடுத்துப் பார்ப்பார். என்னிடம் தனியாகப் பேசினால் 24 மணி நேரத்தில் அழிகிற மாதிரி வைத்துக்கொண்டுதான் பேசுவாள். சாட்டைப் பூட்டிவைக்கிற வசதி 2023இல் வந்ததும் அதைச் சொல்லிக் கொடுத்தேன். "பூட்டியிருக்குன்னு தெரிஞ்சா இன்னும் வம்பு" என்றாள். ஒரு தோழி அவளைத் தனியாகக் கூப்பிட்டால் யார், என்ன, எதற்கு இவ்வளவு நேரம் என்று விசாரணை. பள்ளிக்கூடக் குரூப் என்றால் அந்த வீட்டில் ஆட்சேபணை கிடையாது. கோலமும் சாம்பாரும் பேசுகிற இடம் என்று அந்த மனுஷர் நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைக்கட்டும்.

ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு அவள் உட்கார்ந்து நாம் அடித்த அரட்டையை முதலிலிருந்து வாசிக்கிறாள். மெசேஜை யார் யார் பார்த்தார்கள் என்று அழுத்திப் பார்த்தால் அவள் பெயர் எப்போதும் நடுராத்திரி நேரத்தோடுதான் இருக்கும். எப்போதாவது ஒரு கட்டைவிரல், அதுவும் பெரும்பாலும் நீ போடுகிறவற்றுக்கு. உன் கிண்டலைப் படித்துவிட்டுத் தலையணையில் முகத்தை வைத்துச் சிரித்தேன் என்று ஒரு தடவை என்னிடம் சொன்னாள். நீ குரூப்பை விட்டுப் போனால் நானும் நீயும் போனில் பேசிக்கொள்வோம், மலர் உன்னைக் கூப்பிடுவாள், பிலாய்க்காரி வீடு தேடி வந்தே சண்டை போடுவாள். வாயே திறக்காத அந்த ஒருத்திக்கு உன்னைப் பார்க்க வேறு வழி எது? ஆகவே பேசப் பிடிக்காவிட்டால் 'எப்போதும்' என்று மியூட்டில் போட்டு ஓரமாய் வை. மாசத்தில் ஒரு நாள் வந்து யாரையாவது வம்புக்கு இழுத்துவிட்டுப் போ, போதும். சத்தமில்லாமல் வெளியேறலாம், இப்போதெல்லாம் அட்மினுக்கு மட்டும்தான் தகவல் போகும் என்று கணக்குப் போடாதே. அட்மின் நான்தான் மூதி.

மற்றபடி இங்கே விசேஷமில்லை. அடுத்த மே மாதம் எனக்கு ரிட்டயர்மென்ட். முட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், எண்ணெய்க்காரனுக்குத்தான் லாபம். அத்தானுக்கு யூடியூபில் மாடித்தோட்டம் பார்க்கிற பைத்தியம் பிடித்திருக்கிறது, இதுவரை விளைந்தது இரண்டு கத்தரிக்காய். தசராவுக்கு வரப் பார். பன்னிரண்டு அம்மன் சப்பரமும் வரிசையாய் வந்து நிற்பதை நீ பார்த்து எத்தனை காலமாச்சு. மலரும் வருகிறேன் என்றிருக்கிறாள். ஏரல்காரி புது ஃப்ரிட்ஜ் வாங்கின கடனையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஆனாலும் வருவாள்.

உன் மகளுக்கு இது ஒன்பதாம் மாதம்தானே? பிள்ளை பிறந்ததும் படத்தைக் குரூப்பில் போடுமுன் எனக்கு ஒரு போன் அடித்துவிடு. நாற்பது பேரோடு சேர்ந்து நானும் பூங்கொத்துப் பொம்மை அனுப்பமாட்டேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
மல்லி