வெயில் கிரீமைத் தூக்கிப் போடாதே, பாப்பா

பாப்பா,

பசியாறினாயா? வெயில் கிரீமையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டேன், ஹார்மோனைக் கெடுக்குமாம் என்று நேற்று போனில் சொன்னபோது உன் குரலே சரியில்லை. வயிற்றில் ஐந்து மாதம், பயம் வரத்தான் செய்யும். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன்.

தோல் குடிக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பதினோரு வருடம் தோட்டத்தில் மருந்து அடித்தவள் நான். தொட்டி ஒழுகி முதுகுத் துணி நனைந்துவிடும், அதோடுதான் மாலை வரை நிற்க வேண்டும். இரண்டு விரலில் நகம் நிறம் மாறிக் கழன்றே விழுந்தது. கையுறை கேட்டால் தோட்டத்துக் கணக்கர் கிராணி சிரிப்பார். நான் அடித்த அந்தப் பாராகுவாட் களைக்கொல்லியை இந்த மலேசியாவில் 2020இல்தான் தடை செய்தார்கள். அதனால் உன் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன்.

ஆனால் தம்பியை உட்கார வைத்து முழுதும் படிக்கச் சொன்னேன். சந்தேகம் அதிகமாக இருப்பது, வெயிலைத் தடுக்கக் கிரீமில் சேர்க்கும் ஆக்சிபென்சோன் என்ற பொருள் மேல். 2001இல் சுவிட்சர்லாந்தில் அதைத் தீனியில் கலந்து எலிக்குஞ்சுகளுக்குக் கொடுத்தார்கள், கர்ப்பப்பை எடை கூடியதாம். அந்த அளவு உன் உடம்பில் சேர முகம், கழுத்து, கைகளுக்கு மட்டும் தினமும் பூசினால் 277 வருடம் ஆகும் என்று 2011இல் அமெரிக்காவில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் இல்லை. ஒரே தடவை பூசினாலே ரத்தத்தில் தெரிகிறது என்று 2020இல் அங்கேயே கண்டார்கள். ரத்தத்தில் இருந்தால் கெடுதல் என்று ஆகிவிடாது, பூசுவதை நிறுத்தாதீர்கள் என்றும் அவர்களே சொன்னார்கள். ஐரோப்பாவில் உடம்புக்குப் பூசும் கிரீமில் 2.2 சதவீதத்துக்கு மேல் ஆக்சிபென்சோன் கூடாது. ஹவாயில் தடை என்றாயே, அது பவளப்பாறைக்காக, பிள்ளைத்தாய்ச்சிக்காக இல்லை!

சரி, என்ன செய்வது? டியூபின் பின்னால் வெயிலைத் தடுக்கும் பொருளாகச் சிங்க் ஆக்சைடு மட்டும் போட்டிருப்பதாகப் பார்த்து வாங்கு. அதுவும் டைட்டானியம் டையாக்சைடும்தான் பாதுகாப்பானவை என்று சொல்லப் போதிய ஆதாரம் இருக்கிறதென்று அமெரிக்க மருந்துத் துறை 2019இல் எழுதியது. வேறு 12 பொருளுக்கு இன்னும் விவரம் வேண்டும் என்று அப்போது சொன்னது. சிங்க் முகத்தில் வெள்ளையாய்த் திட்டுத் திட்டாக நிற்கும். நிற்கட்டுமே, உன் பாட்டி பெடாக் செஜூக் என்ற அரிசிமாவுப் பூச்சைப் பூசிக்கொண்டு பால்மரம் சீவப் போனது அப்படித்தான். ஸ்ப்ரே வேண்டாம், மூக்குக்குள் போகும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டால் கிரீமும் கொஞ்சம்தான் செலவாகும்.

இன்னொன்று. போன தடவை பாடாங் செராய் பாசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், வெள்ளையாகும் கிரீம் என்று ஒரு டப்பா வாங்கினாயே, அது இன்னும் இருந்தால் அதைத் தூக்கிப் போடு. பாதரசம் கலந்ததாய் அந்த மாதிரிக் கிரீம்கள் இங்கே அடிக்கடி பிடிபடுகின்றன. பாதரசம் வயிற்றுப் பிள்ளை வரைக்கும் போகும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அத்தை அடுத்த மாதம் அங்கே வருகிறாள். முருங்கைக்கீரைப் பொடி கொடுத்துவிடலாம் என்றால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறாள். அதனால் உன் பழைய பத்திக் சட்டை இரண்டை முழுக்கையாகத் தைத்துக் கொடுத்தனுப்புகிறேன். வயிற்றுப் பக்கம் தாராளமாக விட்டிருக்கிறேன்.

அம்மா