தம்பிக்கு, ஸ்காபறோவிலிருந்து

ஸ்காபறோ
கனடா, மாசி 9

அன்பின் தம்பிக்கு,

நான் சுகம். நான் படித்த ஹெல்த் அட்மினிஸ்ட்ரேஷனை (சுகாதார நிர்வாகப் படிப்பு) நீயும் இங்கே வந்து படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருந்தாய், கீழே எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் நோ எப்படி? எண்ணெய் பூசியே நாளைக் கடத்த விடாமல் பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்கு ஒருக்கால் கூட்டிக்கொண்டு போ.

மகள் ஆஸ்பத்திரி டைரக்டர் என்று அம்மா நல்லூரடியில் சொல்லித் திரிகிறாவாம். நிறுத்தச் சொல்லு. அங்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்கு டைரக்டராக வருவது டொக்டர்மார்தான். இங்கே டொக்டர் இல்லாதவர்களும் நிர்வாகத்தில் மேலே போகலாம், உண்மை. ஆனால் ஹெல்த் அட்மினிஸ்ட்ரேஷன் முடித்த என்னை இருத்தியது பதிவு மேசையில். அதுவும் கசுவல்: கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் வீடு.

மூன்றாம் கிழமையே ஒரு பிழை விட்டேன். எங்கட ஊர் ஐயா ஒருவர் ஓஹிப் கார்ட்டை (இங்கத்தைய அரசாங்க மருத்துவக் காப்புறுதி அட்டை) வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். பெயர் கேட்டேன், சொன்னார், தட்டினேன். அப்படி ஆளே இல்லை என்றது கணினி. புதிதாக ஒரு கோப்பைத் திறந்துவிட்டேன். கார்ட்டில் தகப்பனின் பெயர் முன்னுக்கும் அவருடைய பெயர் பின்னுக்கும் இருந்திருக்கிறது. எங்கட ஆட்களுக்கு வழமையான கூத்துத்தானே! பெனிசிலின் ஒவ்வாது என்ற குறிப்பு பழைய கோப்பில் கிடந்தது. நல்லகாலம், நேர்ஸ் பிறந்த திகதியை வைத்துத் தேடிப் பிடித்தா. இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து திகதியைத்தான் முதலில் கேட்கிறேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். கூடப் படித்த ஒருத்தி சத்திரசிகிச்சைக்கு நாள் ஒதுக்கும் பிரிவில் இருக்கிறா. இன்னொருவருக்கு முதியோர் இல்லம் ஒன்றின் நிர்வாகியாகும் ஆசை. ஒன்ராறியோவில் அதற்குப் படிப்பு மட்டும் காணாது. சுகாதார அல்லது சமூகசேவைத் துறையில் 3 வருட மேற்பார்வை அனுபவமும், முதியோர் இல்ல நிர்வாகத்தில் குறைந்தது 100 மணி நேரப் பாடநெறியும் கேட்கிறார்கள். எனக்குக் கோடிங்கில்தான் கண். நோயாளி வீட்டுக்குப் போன பிறகு கோப்பை வாசித்து, நோயையெல்லாம் ஐசிடி-10-சிஏ என்ற கனடிய நோய்ப் பட்டியலின்படி குறியீடாக்கும் வேலை. இரண்டாம் வகை நீரிழிவு என்றால் ஈ11. போய்க் கேட்டால், அதற்கு அங்கீகாரம் பெற்ற வேறு படிப்பும் தேசியத் தேர்வும் வேண்டுமாம்! காசு கட்டும்போது இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகையால் வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் ஏஜென்சிக்காரர் காட்டும் பட்டத்தின் பெயரில் மயங்காதே. அந்தப் படிப்பை வைத்து எந்தத் தேர்வு எழுதலாம், ஆஸ்பத்திரியில் பயிற்சி உண்டா என்று கேள். பதிலை எழுத்தில் வாங்கி எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. அதற்குமுன் ஒரு சதமும் கட்டாதே.

அன்புடன்,
அக்கா

பி.கு.: அம்மாவின் கிளினிக் கொப்பியில் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா? ஒருக்கால் பார்.