டிசம்பர் 10, புதன், மதியம் 2 மணி

எடிசன், நியூ ஜெர்சி
28 செப்டம்பர் 2025

அன்புள்ள மாலா,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மார்ச்சில் வந்த கடிதத்துக்குச் செப்டம்பர் கடைசியில் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் முதல் பக்கத்தோடு திட்டி முடித்துவிடு. எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

இன்று கொலுவுக்கு ஏழாம் நாள். வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். காராமணிச் சுண்டல் ஒரு கிண்ணம் மீந்திருக்கிறது, அதைத் தின்றுகொண்டே எழுதுகிறேன். குடைக்காரர் போன மாதம் உன்னைப் பற்றி விசாரித்தார். லலிதா அக்கா மறுபடியும் ஸ்டாம்ஃபோர்டுக்கே போய்விட்டார். ஊர்ச் செய்தி அவ்வளவுதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் அக்டோபர் கடைசியில், "இரண்டு ரோபோ, ஒரு பூந்தொட்டி, அழுதுகொண்டே வெளியே வந்தேன்" என்று உனக்கு ஒரு செய்தி அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? "உனக்கு என்னடி ஆச்சு" என்று நீ திருப்பிக் கேட்டாய். அந்த 'மேபி ஹேப்பி எண்டிங்' ஜூன் 8-ஆம் தேதி சிறந்த மியூசிக்கலுக்கான, அதாவது பாட்டு நாடகத்துக்கான, டோனி விருதை வாங்கிவிட்டது. நியூயார்க் பிராட்வே மேடைக்கு அதுதானே பெரிய பரிசு. கதை, இசை, நடிகர், இயக்கம், மேடை அமைப்பு என்று மொத்தம் ஆறு. நான்கு மாதமாக இதை உன்னிடம் சொல்லக் காத்திருக்கிறேன்.

நான் போன அன்று பெலாஸ்கோ தியேட்டரில் அது இன்னும் ப்ரிவ்யூதான், அதிகாரபூர்வத் திறப்புக்கு முந்தைய காட்சி. என் வரிசையில் பாதி நாற்காலி காலி. அந்த வாரங்களில் வசூல் மூன்று லட்சம் டாலருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. ஒரு மியூசிக்கலுக்கு அது வாடகைக்கும் சம்பளத்துக்குமே காணாது. கதை சியோலில் நடக்கிறது. வேலையிலிருந்து ஒதுக்கிவிடப்பட்ட இரண்டு ரோபோக்கள் எதிரெதிர் வீடுகளில் இருக்கின்றன. ஒருவனுக்குப் பழைய எஜமானர் வந்து கூட்டிப்போவார் என்று நம்பிக்கை. எதிர்வீட்டுக்காரிக்கு சார்ஜர் கெட்டுப்போய்விட்டது, இரவல் கேட்டுக் கதவைத் தட்டுகிறாள். இவ்வளவுதான் ஆரம்பம். அவனுடைய ஒரே தோழன் ஒரு செடி, பெயர் ஹ்வாபுன். கொரிய மொழியில் பூந்தொட்டி என்றே அர்த்தமாம்! நம் வீட்டுப் பூனைக்கு 'பூனை' என்று பெயர் வைத்தாயே, அதே கதைதான். அவர்கள் மாடலுக்கு உதிரி பாகம் செய்வதை நிறுத்திவிட்டார்கள் என்ற இடம் வரும். அதைப் பாட்டாக்கி, சோகம் சொட்டச் சொட்ட வைக்கவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார்கள். அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

படத்திலிருந்து எடுத்ததில்லை, புகழ்பெற்ற பாட்டு ஒன்றும் இல்லை. ஹியூ பார்க்கும் வில் ஆரன்சனும் சேர்ந்து எழுதி, 2016-ல் சியோலில் முதலில் மேடையேறிய நாடகம் அது. கிறிஸ்துமஸ் தாண்டாது என்றுதான் அன்று நினைத்தேன். ஆனால் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்தது. இப்போது வாரம் பத்து லட்சத்தைத் தாண்டி ஓடுகிறது.

இதில் சந்தோஷப்பட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். முடியவில்லை மாலா. அது தப்பித்துவிட்டது, மற்றவை தப்பிக்கவில்லை. எல்டன் ஜான் இசையமைத்த 'டாமி ஃபே' நவம்பர் 14-ல் திறந்து டிசம்பர் 8-ல் மூடிவிட்டது. 29 காட்சிகள். அது ஓடியது எந்த தியேட்டரில் தெரியுமா? 1913-ல் கட்டிய பேலஸ். கீழே கடைகள் வேண்டும் என்பதற்காக அந்த அரங்கத்தையே அப்படியே 30 அடி மேலே தூக்கி வைத்துவிட்டார்கள்! கட்டடத்தைத் தூக்கப் பொறுமை இருக்கிறது, நாடகத்துக்கு ஒரு மாதம் கொடுக்கப் பொறுமை இல்லை.

போன வாரம் நியூயார்க் டைம்ஸில் ஒரு கணக்கு வந்திருந்தது, அதிலிருந்து எனக்குத் தூக்கமே சரியாக இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பிராட்வேயில் திறந்த புது மியூசிக்கல்கள் 46. போட்ட பணத்தை எடுத்தவை மூன்றே மூன்று: 'சிக்ஸ்', 'எம்ஜே', 'அண்ட் ஜூலியட்'. போன சீசனில் வந்த 18-ல் இதுவரை ஒன்றுகூட லாபம் பார்க்கவில்லை. ஆறு டோனி வாங்கியதும் அதில் அடக்கம். அதே சீசனில்தான் பிராட்வே மொத்தமாக 189 கோடி டாலர் வசூல் செய்தது, 1.47 கோடி பேர் பார்த்தார்கள். கடை நிறைய வியாபாரம், கல்லாவில் ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பெரிய மியூசிக்கலை மேடையேற்ற இரண்டு, இரண்டரைக் கோடி டாலர் ஆகிறது. அதற்கு மேல் வாராவாரம் அரங்க வாடகை, நடிகர்கள், வாத்தியக்காரர்கள், விளம்பரம். வசூல் ஒரு அளவுக்குக் கீழே போனால் காலி செய்யச் சொல்ல தியேட்டர்காரருக்கு ஒப்பந்தத்திலேயே இடம் உண்டு. பார்த்தவர் பார்க்காதவரிடம் சொல்லி, அவர் டிக்கெட் எடுத்து வருவதற்குள் பலகையை இறக்கிவிடுகிறார்கள்.

பணம் பார்த்தவர்கள் யார் என்றால், பெரிய நடிகர்களை வைத்துச் சில வாரங்களுக்கு மட்டும் நாடகம் போட்டவர்கள். டென்சல் வாஷிங்டனும் ஜேக் ஜில்லென்ஹாலும் நடித்த 'ஒதெல்லோ'வுக்கு நல்ல நாற்காலி 921 டாலர். ஜர்னல் ஸ்கொயரில் நாம் இருந்த வீட்டுக்கு அப்போது ஒரு மாத வாடகையே அவ்வளவு இல்லை! நான் போகவில்லை. ஜார்ஜ் கிளூனி நடித்ததை சிஎன்என்னில் நேரடியாக ஒளிபரப்பினார்கள், அதை வீட்டிலேயே பார்த்தேன், நன்றாக இருந்தது. நட்சத்திரங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாரம் எட்டு காட்சி மேடையில் நிற்பது சும்மா இல்லை. ஆனால் 921 டாலர் கொடுத்தவர் அந்த வருஷம் இன்னொரு நாடகத்துக்குப் போவாரா?

அப்புறம், உனக்குப் பிடித்தவற்றைச் சொல்லாமல் விட்டால் அடிக்க வருவாய். 'சன்செட் புல்வார்டி'ல் டாம் ஃபிரான்சிஸ் பாடிக்கொண்டே தியேட்டரை விட்டு வெளியே 44-ஆம் தெருவில் நடப்பார், கேமரா கூடவே வரும், உள்ளே திரையில் நாம் பார்ப்போம். உள்ளே ஒரு தடவை பார்த்தேன். அப்புறம் ஒரு சாயங்காலம் தெருவிலேயே போய் நின்றேன். டாக்ஸிக்காரர்கள், பிரெட்ஸல் வண்டி, நடுவில் அவர் பாடிக்கொண்டு போகிறார். தோள் உரசுகிற தூரம்! இன்னொரு நாடகத்தில் சாரா ஸ்னூக் ஒருத்தியாகவே 26 பாத்திரங்கள் செய்தாள், டோனி வாங்கினாள். ஆட்ரா மெக்டொனால்டு 'ஜிப்ஸி'யில் நடித்தது நம் மெஜஸ்டிக்கில். ஆமாம், 'ஃபேண்டம்' 35 வருஷம் ஓடி, 13,981 காட்சிகளோடு 2023 ஏப்ரலில் காலி செய்த அதே மெஜஸ்டிக்கில்தான். 'ஜிப்ஸி'யையும் சொன்ன தேதிக்கு முன்னாலேயே இந்த ஆகஸ்டில் மூடிவிட்டார்கள்.

'ஜிப்ஸி'யைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்கும் அதுதான் காரணம்.

பிப்ரவரியில் போனேன். திரை எழும் முன் ஓவர்ச்சர் வாசிப்பார்கள் இல்லையா, அதற்காகவே பத்து நிமிஷம் முன்னால் போய் உட்கார்ந்தேன். டிரம்பெட் எழுந்தபோது சத்தம் எல்லாம் இடது பக்கத்திலிருந்தே வந்தது. ஒலிபெருக்கி ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பக்கத்து நாற்காலி அம்மாவிடம் கேட்டேன், இல்லையே என்றார். தலையைத் திருப்பிப் பார்த்தேன். திருப்பிய பக்கமெல்லாம் சத்தமும் கூடவே திரும்பியது. வலது காது கேட்கவில்லை, மாலா. ஏப்ரலில் எல்லாப் பரிசோதனையும் செய்தார்கள். நரம்பு சம்பந்தப்பட்டது, திரும்பாது என்றார்கள். இடது காதிலும் கொஞ்சம் தொடங்கியிருக்கிறதாம், எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்ல முடியாதாம். வீட்டில் சொல்லிவிட்டேன். உனக்கு எழுத மட்டும் கை வரவில்லை. உனக்கு எழுதினால் உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

பயப்படாதே, வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், சண்டை போடுகிறேன். தியேட்டர் லாபியில் காதில் மாட்டும் கருவி இலவசமாகத் தருகிறார்கள், லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு கொடுப்பார்கள். கைப்பேசியில் வசனம் எழுத்தாக ஓடும் செயலியும் உண்டு. பேச்சு எல்லாம் நன்றாகவே புரிகிறது. ஆனால் வாத்தியக் குழு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் பழகிக்கொள்ள முடியவில்லை.

இனி வரப்போவதைக் கேள். கீயானு ரீவ்ஸும் அலெக்ஸ் வின்டரும் 'வெயிட்டிங் ஃபார் கோடோ' செய்கிறார்கள், இன்றுதான் அதிகாரபூர்வத் திறப்பு. 'செஸ்' திரும்ப வருகிறது, 1988-ல் 68 காட்சிகளோடு மூடிய அதே இம்பீரியல் தியேட்டருக்கு. அமெரிக்கனும் ரஷ்யனும் உலகப் பட்டத்துக்கு மோதும் கதை. சென்னைப் பையன் குகேஷ் உலக சாம்பியனாக இருக்கிற வருஷத்தில் அதைப் பார்ப்பது உன் பையனுக்குப் பிடிக்கும், அவனிடம் சொல். இசை 'ஆபா' பாட்டுக் குழுவைச் சேர்ந்த இருவருடையது. 'மம்மா மியா'வும் விண்டர் கார்டனுக்கே திரும்பி வந்துவிட்டது, ஆக ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அவர்கள் பாட்டுதான். 'ஹாமில்டன்' பத்து வருஷம் ஆனதற்கு லெஸ்லி ஓடம் ஜூனியர் பழைய வேஷத்துக்கு வந்திருக்கிறார். புத்தம்புது மியூசிக்கல் என்று பார்த்தால் இந்த இலையுதிர்காலத்தில் என் கணக்குக்கு இரண்டுதான் தேறுகிறது. கிறிஸ்டின் செனோவெத்தின் 'குயின் ஆஃப் வெர்சாய்' ஒன்று. லண்டனிலிருந்து வரும் 'டூ ஸ்ட்ரேஞ்சர்ஸ்' இன்னொன்று, மேடையில் இரண்டே பேர், நியூயார்க்கில் ஒரு கல்யாண கேக்கைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். இந்த இரண்டாவதற்கு நவம்பர் ப்ரிவ்யூவிலேயே போகப்போகிறேன். போய்விட்டு வந்து பத்துப் பேரிடம் சொல்வேன். நல்ல நாடகம் என்றால் முதல் வாரத்தில் போவது, பார்த்ததைச் சொல்வது, நம்மால் ஆனது அதுதான். 'லைஃப் ஆஃப் பை' வந்தபோது நான் தாமதமாகத்தான் போனேன், அது 2023 மார்ச்சில் திறந்து ஜூலையில் முடிந்துவிட்டது. புதுச்சேரியில் தொடங்கும் கதை! உங்கள் ஊரில் அப்படி ஒரு மிருகக்காட்சி சாலையே கிடையாது என்று நீ நாவலாசிரியர் மேல் கோபப்பட்டது நினைவுக்கு வந்தது. அந்தப் புலி, உள்ளே ஆட்கள் நின்று இயக்கும் பொம்மைதான், மூச்சு வாங்கும்போது விலா எலும்பு ஏறி இறங்கும். லண்டனில் அந்தப் புலிக்காக ஏழு பேருக்கும் சேர்த்தே சிறந்த துணை நடிகர் விருது கொடுத்தார்கள். உன்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

'ராக்டைம்' வருகிறது, மாலா.

லிங்கன் சென்டரில், விவியன் பியூமாண்ட் தியேட்டரில். நேற்று முன்தினம் ப்ரிவ்யூ தொடங்கிவிட்டது. 1998-ல் 42-ஆம் தெருவில் கடைசி வரிசையிலிருந்து பார்த்தோமே. நாம் இந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கப்பலிலிருந்து அப்பா டாடேயும் அந்தச் சின்னப் பெண்ணும் இறங்கி நின்ற காட்சியில் நீ என் கையைப் பிடித்தது, விடவே இல்லை. சாராவாக நடித்த அந்தப் பெண் யார் என்று வெளியே வந்து, தியேட்டரில் கொடுத்த ப்ளேபில் புத்தகத்தைப் புரட்டினோம். ஆட்ரா மெக்டொனால்டு. அவருக்கு அப்போது 28 வயதுதான். தாயாகப் பாடிய மாரின் மாஸி இப்போது இல்லை, 2018-ல் போய்விட்டார்.

2009-ல் மறுபடி வந்தபோது நாம் என்ன செய்தோம்? பனி குறையட்டும், பிப்ரவரியில் போகலாம் என்றோம். ஜனவரி 10-ல் மூடிவிட்டார்கள், 65 காட்சி. அடுத்த வருஷம் நீ ஊருக்குப் போய்விட்டாய்.

இந்தத் தடவை ஜோஷுவா ஹென்றி, கெய்சி லீவி, பிராண்டன் யுரனோவிட்ஸ். வாத்தியக்காரர்கள் 28 பேர், இந்தக் காலத்தில் இதெல்லாம் கிடைக்காது. சில மாதங்களுக்கு மட்டும்தான் போடுகிறார்கள். நீ மகள் பிரசவத்துக்கு நவம்பர் கடைசியில் வருகிறாய், தேதி டிசம்பர் 28 என்று எழுதியிருந்தாய். உன்னைக் கேட்காமல் இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டேன். டிசம்பர் 10, புதன், மதியம் 2 மணி. குழந்தை முந்திக்கொண்டால் மாற்றிக்கொள்ளலாம், முழங்காலுக்காக மாற்ற மாட்டேன். நாற்காலி ஓரத்தில்தான், நீ காலை நீட்டிக்கொள்ளலாம்.

அந்த 28 பேரும் வாசிப்பதை ஒரு காதோடாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும், அதுவும் நீ பக்கத்தில் இருக்கும்போது. நீ என் இடது பக்கம் உட்கார வேண்டும். இடைவேளையில் நீ சொல்வது எனக்குக் கேட்க வேண்டும்.

எலுமிச்சை சாதம் நான் கட்டிக்கொண்டு வருகிறேன். நார்த்தங்காய் ஊறுகாய் உங்கள் அம்மா கையால் போட்டது, மறக்காமல் பெட்டியில் வை. முழங்கால் பற்றி எழுது.

உன்,
வசு