வீட்டைப் பார்க்காமலே ஏற்றுகிற பிரீமியம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளம் வந்தால் உங்கள் நாளிதழில் முதல் பக்கத்தில் படத்தோடு செய்தி வருகிறது. தண்ணீர் வடிந்த சில மாதங்களில் அதே வீடுகளுக்குக் காப்பீட்டைப் புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வரும், பிரீமியம் ஏறியிருக்கும். அதைப் பற்றி யாரும் எழுதக் காணோம்.

நான் கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவன். சொந்த வீடு கட்டியபோது பேஸ்மட்டத்தைத் தெரு மட்டத்துக்கு மேல் நாலடி தூக்கினேன். போன வெள்ளத்தில் வாசலுக்கு இரண்டு படி கீழேயே தண்ணீர் நின்றுவிட்டது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை, நான் இழப்பீடும் கேட்கவில்லை. அப்படியிருந்தும் இந்த ஆண்டு பிரீமியம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஏன் என்று போன் செய்து கேட்டேன். "உங்க ஏரியா வெள்ள அபாயத்துல வருது சார், நிலம் உள்வாங்குற அபாயமும் காட்டுது. சிஸ்டம் போடுற தொகை அது" என்றார்கள். என் வீட்டை யாரும் வந்து பார்க்கவில்லை.

நிலம் உள்வாங்குவதாகச் சொன்னது எதை வைத்து என்று எனக்குத் தெரியும். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் ஜன்னல் மூலையிலிருந்து செங்கல் இணைப்பு வழியாகப் படிப்படியாக மேலேறும் விரிசல் விழுந்தது. கீழே முடி அளவு, மேலே போகப் போக ஒரு நாணயம் நுழையும் அகலம். அந்த மூலை இறங்கிவிட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. தோண்டிப் பார்த்தால், கழிவுநீர்க் குழாய் இணைப்பில் வருடக்கணக்கான கசிவு. கடைக்காலுக்கு அடியிலிருந்த மண்ணை அது அரித்திருந்தது. குழாயை மாற்றி, அந்த மூலைக்கு மட்டும் கீழே கான்கிரீட் கொடுத்துத் தாங்கினார்கள், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அந்த ஒரு க்ளெய்ம் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் கறையாகிவிட்டது.

களிமண் நிலத்தில் ஆபத்து உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. வறட்சியில் களிமண் சுருங்கும், மழையில் உப்பும். சுவரை ஒட்டிப் பெரிய மரம் இருந்தால் வேர் ஈரத்தை இழுத்துச் சுருக்கத்தை அதிகமாக்கும். பயந்துபோய் மரத்தை ஒரேயடியாக வெட்டினாலோ மண் மறுபடி ஈரமேறி உப்பி, வேறு இடத்தில் சுவர் பிளக்கும். கடைக்கால் எவ்வளவு ஆழம், மரம் எவ்வளவு தள்ளி, குழாய் எந்த நிலையில் என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். அஞ்சல் எண்ணைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

பேரிடர்களுக்குப் பிறகு மறுகாப்பீட்டுச் செலவும் (காப்பீட்டு நிறுவனங்கள் தங்களுக்காக எடுக்கும் காப்பீடு) பழுதுபார்க்கும் கூலியும் ஏறுகின்றன, அது நியாயமான காரணம்தான். ஆனால் இதற்கு வழி கண்ட நாடுகள் இருக்கின்றன. அமெரிக்க அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் 2021 அக்டோபர் முதல், வரைபட மண்டலத்தை மட்டும் பார்ப்பதை விட்டு, வீட்டின் முதல் தளம் எவ்வளவு உயரம், நீர்நிலை எவ்வளவு தூரம் என்று தனித்தனியாகப் பார்க்கிறது. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்களிடம் வரி வசூலித்து நடத்தும் 'ஃபிளட் ரீ' என்ற பொது மறுகாப்பீட்டு அமைப்பு, 2016 முதல் வெள்ள அபாய வீடுகளுக்குப் பிரீமியம் எட்டாத உயரத்துக்குப் போகாமல் தாங்குகிறது. 2009 முதல் கட்டிய வீடுகளுக்கு அதில் இடமில்லை; வெள்ளம் பாயும் தாழ்நிலத்தில் புதிதாகக் கட்டுவதை ஊக்குவிக்கக் கூடாது என்பதற்காக. இது எனக்கு மிகவும் பிடித்த விதி. பிரான்சில் 1982 முதல் இயற்கைப் பேரிடருக்கென்று வீட்டுக் காப்பீட்டுப் பிரீமியத்தின் மேல் நாடு முழுவதும் ஒரே சதவீதம்தான் கூடுதலாக வாங்குகிறார்கள். களிமண் சுருக்கத்தால் வரும் விரிசலும் அதில் அடக்கம். அந்தச் சதவீதத்தை 2025 ஜனவரியில் 12-லிருந்து 20 ஆக்கினார்கள். சுமை ஏறியது, ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறியது.

இங்கே என்ன நடக்கிறது? வீட்டுக் கடன் உள்ளவர்கள் வங்கிக்காகக் கட்டியே தீர வேண்டியிருக்கிறது. கடன் முடித்த முதியவர்கள் பாலிசியையே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் பிரீமியத்தைக் குறைக்க வீட்டின் மதிப்பைக் குறைத்து எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சில பாலிசிகளில், பாதி மதிப்புக்குக் காப்பீடு செய்திருந்தால் சேதத்திலும் பாதிதான் கிடைக்கும்.

பிரீமியத்தை ஏற்றும்போது எந்த அபாயத்துக்கு எவ்வளவு ஏற்றினோம் என்று நோட்டீஸிலேயே பிரித்து எழுத வேண்டும். பேஸ்மட்டம் உயர்த்தியவர், மின் பலகையை மேலே மாற்றியவர், கழிவுநீர் திரும்பி வராமல் வால்வு போட்டவர் ஆகியோர் ஆதாரம் காட்டினால் வீட்டைப் பார்த்துத் தொகையைக் குறைக்க வேண்டும். காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் ஆணையம் இதைக் கட்டாயமாக்கட்டும். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே இதை ஒரு செய்தியாக உங்கள் நிருபர்கள் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கட்டட மேற்பார்வையாளர்