2024-25 ஆண்டறிக்கை: சாயங்கால வகுப்பும் பண்டிகைக் கணக்கும்

நம்ம தெரு சங்கத்துல இருக்குற எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம்னு சொன்னீங்க, அதனால தண்ணி, தெருவிளக்கு, சாக்கடை மூணையும் ஒரே வரியில முடிச்சிடறேன்: மனு குடுத்தோம், திரும்பவும் மனு குடுத்தோம். வரவு செலவை பொருளாளர் அக்கா வாசிப்பாங்க. நான் சொல்ல வந்தது மொட்டை மாடில நடக்குற சாயங்கால வகுப்பைப் பத்தி, அதுலயும் பின்னக் கணக்கைப் பத்தி.

மே லீவுல ஆரம்பிச்சப்போ மூணாவது நாலாவது போற பிள்ளைங்களுக்கு வட்டம் போட்ட ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தோம், அழகா கலர் அடிச்சாங்க, ஆனா 1/4 பெருசா 1/8 பெருசான்னு கேட்டா எல்லாம் ஒரே குரல்ல 1/8னுச்சுங்க. அதுங்க மேல தப்பில்ல, எட்டு நாலை விடப் பெருசுன்னு சொல்லிக் குடுத்ததே நாமதானே. அப்போ ஒரு பிள்ளையோட அம்மாதான், பண்டிகைக்கு வீட்ல பங்கு போடுறதை வச்சே சொல்லிக் குடுக்கலாமேன்னாங்க.

முதல்ல வந்தது பக்ரீத், ஜூன் 17. குர்பானி கறியை மூணு பங்கு போடுறது வழக்கம், வீட்டுக்கு ஒண்ணு, சொந்தக்காரங்க தெரிஞ்சவங்களுக்கு ஒண்ணு, இல்லாதவங்களுக்கு ஒண்ணு. நம்ம தெரு பாய் வீட்டுப் பையன் அதைச் சொன்னான், 1/3க்கு நான் வேற உதாரணமே தேடல. மூணு குவியல்லயும் துண்டு எண்ணிக்கை ஒண்ணா இருந்தா போதுமாடான்னு கேட்டேன், தராசுல நிறுக்கணும் அங்கிள், இல்லாட்டி எலும்பெல்லாம் ஒரு பக்கம் போயிடும்னான். சம பங்குன்னா என்னன்னு இதை விட நல்லா என்னால சொல்ல முடியாது.

செப்டம்பர் 7 விநாயகர் சதுர்த்திக்கு 21 கொழுக்கட்டை. மூணுல ஒரு பங்கு ஏழுன்னு உடனே எண்ணிட்டாங்க. பாதி எவ்வளவுன்னா பத்து பத்தா வச்சுட்டு மிச்சம் ஒண்ணைப் பாத்து முழிச்சாங்க, அப்புறம் அதைப் பிச்சு பத்தரைன்னாங்க, பூரணம் முழுக்க பாய்ல. நவராத்திரிக்கு கொலுவோட ஒன்பது படியை வச்சு ஏதோ பண்ணோம், மழை, சரியா வரல.

கிறிஸ்துமஸ்ல நடந்த கூத்துக்கு நான்தான் காரணம். ரெண்டு கேக் வாங்கி ஒண்ணை நாலாவும் ஒண்ணை எட்டாவும் வெட்டி, எட்டுதான் பெருசுன்னவங்களுக்கு எட்டுல ஒண்ணு குடுக்கறதா ப்ளான், ஆனா அவசரத்துல நாலா வெட்டினது அரை கிலோ கேக், எட்டா வெட்டினது ஒரு கிலோ கேக். கணக்குப் போட்டுப் பாருங்க, ரெண்டு துண்டும் 125 கிராம்தான். அப்போ ரெண்டும் ஒண்ணுதானே அங்கிள்னு ஒரு பொண்ணு கேட்டுச்சு, பதில் சொல்ல எனக்கு ரெண்டு நாளாச்சு. எதுல 1/4, எதுல 1/8னு முதல்ல கேக்கணும்னு அதுக்கப்புறம் யாரும் மறக்கல, நானும்தான்.

பொங்கலுக்கு கரும்பை டேப் வச்சு அளந்து சரிபாதியா வெட்டினேன், நுனிப் பாதியை வாங்க ஒருத்தரும் வரல, அடிக்கரும்புதான் இனிக்கும்னு சண்டை. நியாயம்தான். அன்னைக்கு மூணாவது வீட்டுப் பாட்டி பரண்ல இருந்து அரிசி அளக்குற பழைய படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாத்தையும் இறக்கிக் கொண்டு வந்தாங்க. ரெண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, ரெண்டு உழக்கு ஒரு உரி, ரெண்டு உரி ஒரு படின்னு பிள்ளைங்களையே அரிசியைக் கொட்டிக் கொட்டி அளக்க விட்டாங்க. உழக்குன்னா கால் படி, ஆழாக்குன்னா அரைக்கால் படி, அரைக்கால்னா கால்ல பாதிடா கண்ணுன்னாங்க, அவ்வளவுதான், எட்டு மாசமா நான் மூச்சு முட்ட சொன்னது மண்டைல ஏறிடுச்சு. பேர்லயே பாதின்னு இருக்கே, அப்புறம் எப்படி அது காலை விடப் பெருசாகும்! கால்ல கால் என்னன்னு பிள்ளைங்களே கேட்டு, வீசம், அதாவது 1/16ன்னு தெரிஞ்சுக்கிட்டுதான் வீட்டுக்குப் போனாங்க.

இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு அரைக்கால் எதுக்குன்னு ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப்ல கேட்டிருந்தீங்க. பரிட்சையில 1/8ன்னுதான் எழுதப் போறாங்க சார், ஆனா எழுதறப்ப மனசுல ஆழாக்கு நிக்கும்.

அடுத்த வருஷத்துக்கு ஒரு தராசு வேணும், மாடிக்கு ஒரு பல்ப் வேணும். உழக்கு ஆழாக்கு யார் வீட்டுப் பரண்ல கிடந்தாலும் குடுங்க, பத்திரமா திருப்பித் தந்துடுவோம், பாட்டி அவங்களோடதை அன்னைக்கே எண்ணி வாங்கிட்டுப் போயிட்டாங்க.

இப்படிக்கு,
செயலாளர்