எழுதாத தேர்வைப் பற்றி மகளுக்கு

சிவமயம்

கோட்டையூர்

அன்புள்ள மகளுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் ஆத்தாவும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, நேர்முகத் தேர்வில் ஒருவர் உன் பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழைப் பார்த்துவிட்டு, "2021ஆ? கொரோனா பேட்ச், எழுதாமலே பாஸ் ஆனவர்கள்" என்று சொன்னதாகச் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், ஆனால் அதன் பிறகு நீ பேச்சை மாற்றிய வேகம் எனக்குப் புரிந்தது. உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. நான்கு நாளாக மனத்தில் வைத்திருந்ததை இப்போது எழுதுகிறேன்.

எழுதாமல் பாஸ் ஆனது உங்கள் விருப்பமல்ல. பத்து மாதம் பூட்டிக் கிடந்த பள்ளி 2021 ஜனவரி 19 அன்று உங்களுக்காகத் திறந்தது. ஏப்ரலில் முகக்கவசத்தோடு செய்முறைத் தேர்வு எழுதினீர்கள். பிறகு பொதுத்தேர்வைத் தள்ளிவைத்தார்கள், ஜூன் 5 அன்று ரத்தே செய்தார்கள். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 விழுக்காடு, பதினொன்றாம் வகுப்புக்கு 20, பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று கணக்கிட்டு, ஜூலை 19 அன்று 8 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு முடிவு சொன்னார்கள். 2019இல் மஞ்சள் காமாலையோடு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய உனக்கு, அந்தப் பாதி எவ்வளவு பாதகம் என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. ரத்துச் செய்தி வந்ததும் "தப்பித்தோம்" என்று நான் மகிழ்ந்தேன். நீ பட்டாலைத் தூணில் சாய்ந்து அழுதாய். இரண்டு ஆண்டு படித்ததை எழுதிக் காட்ட முடியாமல் போன பிள்ளையிடம் இனிப்பு எடுத்துக்கொள் என்று சொன்னேன். அதற்காக இன்றும் வருந்துகிறேன்.

ஆனால் அந்தக் கோடையில் நீ செய்தவை எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறவில்லை. நேரில் பார்த்தவன் என்ற முறையில் அவற்றை உனக்கே எழுதி வைக்க விரும்புகிறேன்.

நம் தெருவின் அமைப்பு உனக்குத் தெரியும். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகளில், பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஆச்சிமார் தனியாகக் காலம் கழிக்கிறார்கள். முகப்பில் கதவைத் தட்டினால் அடுப்படியில் இருப்பவருக்குக் கேட்காது. உள்ளே ஒருவர் காய்ச்சலில் விழுந்து கிடந்தாலும் தெருவுக்குத் தெரியாது. மே 10 அன்று முழு ஊரடங்கு தொடங்கியதும் நீ அப்படி ஆச்சிமார் தனியாக இருந்த ஐந்து வீடுகளுக்கும் போய், திண்ணைக்குக் கீழேயே நின்றுகொண்டு, "காலை ஏழு மணிக்குள் வாசலில் ஒரு புள்ளிக் கோலமாவது போட்டுவிடுங்கள் ஆச்சி, கோலம் இல்லாவிட்டால் நான் போன் செய்வேன்" என்று சொல்லிவிட்டு வந்தாய். கோலம் வாசலுக்கு அழகு என்றுதான் நான் எண்ணியிருந்தேன். உள்ளே இருப்பவர் எழுந்து நடமாடுகிறார் என்பதற்கு அதைச் சாட்சியாக வைக்கலாம் என்று பதினேழு வயதுப் பெண்ணுக்குத் தோன்றியது.

மே மாதக் கடைசியில் ஒரு நாள் வடக்கு வீட்டு வாசல் வெறுமையாக இருந்தது. போனையும் எடுக்கவில்லை. நீ பின்வாசல் வழியாகப் போய்க் கூப்பிட்டதும், ஆச்சி தட்டுத்தடுமாறித் தாழை விலக்கினார்கள். ஆக்சிஜன் அளவு 91. 94க்குக் கீழே போனால் மருத்துவமனை என்று நீ உன் செய்முறை நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்ததால் நாம் தயங்கி நேரத்தைக் கழிக்கவில்லை. 108 வரும் வரை, எட்ட நின்றபடியே, குப்புறப் படுத்து மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொல்லிக்கொண்டிருந்தாய். பன்னிரண்டு நாள் கழித்து ஆச்சி வீடு திரும்பினார்கள்.

தடுப்பூசி விஷயத்தில் உன் பொறுமை எனக்கு வராது. ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மறைந்ததும் ஊரே அஞ்சியது; ஆச்சிமார் கேட்க வேண்டுமா? மாரடைப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் சொன்னதை நீ ஒவ்வொருவரிடமும் மறுபடி மறுபடி சொன்னாய். கோவின் தளம் அப்போது ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஒரு கைப்பேசி எண்ணில் நான்கு பேரைத்தான் பதிய முடிந்தது. நம் வீட்டு எண்கள் தீர்ந்ததும் பால்காரரின் எண்ணையும் கேட்டு வாங்கினாய். இரண்டாம் தவணைக்கான இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று நீட்டியபோது, ஊசி தட்டுப்பாட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று கோபித்தவர்களுக்கும் நீதான் விளக்கினாய். உன் வயதுக்கு ஊசியே வராத காலம் அது.

இடையில் படிப்பும் நடந்தது. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஓடும் நேரத்தில் மின்சாரம் போய்விடும். உன் தோழி வீட்டில் ஸ்மார்ட்போனும் இல்லை. சாதாரண போனிலேயே அவளுக்கு வேதியியல் சமன்பாடுகளை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எழுத வைப்பாய். குறிப்புகளை ஓலைக் கொட்டானில் போட்டு நம் திண்ணையில் வைப்பாய். அவள் வந்து எடுத்துக்கொண்டு, தான் எழுதியதை வைத்துவிட்டுப் போவாள். அவள் இன்று பள்ளி ஆசிரியை.

மேல வீட்டு ஐயா திரும்பி வரவில்லை. அவருக்கும் நீதான் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். மூன்று நாள் யாரோடும் பேசாமல் வளவிலேயே உட்கார்ந்திருந்தாய். அப்போதுதான் நான் அந்தச் சொல்லைச் சொன்னேன்: "பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? படிப்பைப் பார்." உன்னை இழந்துவிடுவேனோ என்ற அச்சத்தில் சொன்னது அது, ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது. நான்காம் நாள் காலை ஆறே முக்காலுக்கு நீ மறுபடி தெருவில் கோலங்களைப் பார்த்துக்கொண்டு நடந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அழுது வீங்கிய முகம்தான். அதன் பிறகு நான் உன்னைத் தடுக்கவில்லை.

அந்தச் செய்முறை நோட்டு, வெப்பமும் ஆக்சிஜனும் தேதிவாரியாக எழுதியது, இரும்புப் பெட்டியில் வீட்டுப் பத்திரங்களோடு இருக்கிறது. அடுத்த முறை யாராவது கொரோனா பேட்ச் என்று சொன்னால், ஆம் என்றே சொல். வேறு விளக்கம் கேட்டால், அந்த ஐந்து வீடுகளைப் பற்றிச் சொல், சொல்ல வெட்கப்படாதே.

வடக்கு வீட்டு ஆச்சி இன்றும் ஏழு மணிக்குள் கோலம் போடுகிறார்கள். உனக்காக மணகோலமும் சீப்புச் சீடையும் என்று பலகாரம் செய்து வைத்திருக்கிறார்கள். பெங்களூருக்குக் கூரியரில் அனுப்பினால் நொறுங்கிவிடுமாம், நீ வரும் தேதியைக் கேட்டுச் சொல்லச் சொன்னார்கள். எழுது.

அன்புடன்,
அப்பச்சி