திரை செய்த வேலை இனி உன் கைக்கு

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி

அன்புள்ள குமரா,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. மஞ்சக்குப்பம் வீட்டில் மாடி ஒழுகுவது நின்றுவிட்டது என்று படித்ததும் நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. அம்மாவுக்கு முட்டி வலி தேவலாம். உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்து, காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு நாடு முழுக்கத் தடை விழுந்தபின் உன் செல்போனில் போக்கர் சீட்டாட்டம் செத்துப்போனது. அதனால் கோவாவின் பணஜிக்குப் போய் மாண்டவி ஆற்றுக் காசினோ கப்பலில் உட்கார்ந்து ஆடலாமா என்கிறாய். 21 வயது தாண்டியவன், கையில் அடையாள அட்டை இருக்கிறது, விடுவார்கள். ஆட்டமும் உனக்குத் தெரியும். ஆனால் திரை உனக்காகச் சத்தமில்லாமல் பத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தது. பாட், அதாவது நடுவில் சேர்ந்த பணம், எவ்வளவு என்று கூட்டிச் சொன்னது, முறை வராமல் உன்னைப் பேசவிடாமல் தடுத்தது, உன் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தது. மேசையில் இவையெல்லாம் உன் தலையில் விழும். புதிதாகப் போகிறவர்கள் பணத்தை விடுவது பெரும்பாலும் இங்கேதான்.

முதலில் வாய். வாயால் சொன்னது கட்டுப்படுத்தும். ‘கால்’ (முன்னவர் போட்டதற்கு ஈடு கட்டுகிறேன்) என்று சொல்லிவிட்டால் கால்தான், பிறகு மனசு மாறிப் பிரயோசனமில்லை. சினிமாவில் வருகிற மாதிரி “உன் 600-ஐப் பார்த்தேன், அதுக்கு மேல ஆயிரம்” என்று வசனம் பேசினால் முதல் பாதி மட்டும்தான் செல்லும். சிப்ஸை (பணத்துக்குப் பதிலான வில்லைகளை) இரண்டு தவணையாக நகர்த்தினாலும் அதே கதி. ரெய்ஸ் என்றால், அதாவது தொகையை ஏற்றுவதென்றால், முதலில் வாயைத் திற, மொத்தத் தொகையைச் சொல், பிறகு கையை நகர்த்து. இன்னொரு பொறி, ஒற்றைப் பெரிய சிப். பிளைண்ட், அதாவது சீட்டு வருமுன் இரண்டு பேர் கட்டாயமாகப் போடுவது, சின்னது 100, பெரியது 200. உனக்கு முன்னால் ஒருத்தர் 600 ஆக்கியிருக்கிறார். நீ பேசாமல் ஆயிரம் ரூபாய் சிப் ஒன்றைப் போட்டால் அது வெறும் கால். மீதி 400 திரும்பி வரும். ஆன்லைனில் பட்டன் அழுத்திப் பழகியவன் இந்த இடத்தில் ஒரு தடவையாவது மாட்டுவான், அதுவும் கையில் ராஜா ஜோடி இருக்கும்போது. குறைந்தபட்ச ரெய்ஸ் கணக்கும் உன்னுடையதுதான்: 200 என்பதை 600 ஆக்கியது 400 ஏற்றம், ஆகவே அடுத்தவர் 1000-க்குக் குறைந்து ஏற்ற முடியாது.

அடுத்து சீட்டு. இரண்டு உள்ளங்கையாலும் மறைத்து, கட்டைவிரலால் ஓரத்தை மட்டும் தூக்கிப் பார். மேசையை விட்டு உயர்த்தாதே. பார்த்ததும் எண்ணை மட்டுமல்ல, இனத்தையும் மனசில் பதித்துக்கொள். பலருக்கு ‘ஏஸ், பத்து’ என்று ஞாபகம் இருக்கும், எது இஸ்பேட் எது டைமன் என்பது மறந்துபோகும். ஃப்ளாப்பில், அதாவது எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கிற முதல் மூன்று சீட்டில், மூன்றும் இஸ்பேட் விழுந்ததும் ஒருவன் சீட்டை மறுபடி தூக்கிப் பார்த்தால், அவனிடம் இரண்டு இஸ்பேட் இல்லை என்றே வைத்துக்கொள். இருந்திருந்தால் ஞாபகம் இருந்திருக்கும். ஒரே ஒரு இஸ்பேட் இருக்கிறதா என்றுதான் தேடுகிறான். அதே தகவலை நீ அவனுக்குக் கொடுத்துவிடாதே.

பார்த்தபின் சீட்டின் மேல் ஒரு சிப்பை வை. சீட்டுப் போடும் டீலரின் இரண்டு பக்கமும் முதலில் இருக்கிற இருக்கை கிடைத்தால் கூடுதல் கவனம் வேண்டும். மற்றவர்கள் ஆட்டத்தை விட்டு மடித்த சீட்டுகளை வாரும்போது உன்னுடையதும் சேர்ந்து போகும், போனது போனதுதான். கடைசியில் சீட்டைக் காட்டும்போது இரண்டையும் நிமிர்த்தி வை. பணம் உன் பக்கம் தள்ளப்படும்வரை சீட்டை விடாதே. எதிராளி வாயால் “ஃப்ளஷ்” (ஐந்தும் ஒரே இனம்) என்று சொன்னதை நம்பி, ஜெயித்த சீட்டை வீசியவர்கள் உண்டு. பேசுவது சீட்டு, ஆள் இல்லை.

பாட் கணக்குக்கு வருகிறேன், இதைத்தான் நீ பழக வேண்டும். நோ-லிமிட்டில் (போடும் தொகைக்கு வரம்பில்லாத ஆட்டத்தில்) டீலரிடம் ‘எவ்வளவு இருக்கு’ என்று கேட்டால் கூட்டிச் சொல்லமாட்டார், சிப்ஸைப் பரப்பிக் காட்டினால் பெரிசு. ஒவ்வொரு கட்டத்திலும் ‘ஆள் பெருக்கல் தொகை’ போட்டு ஒரே எண்ணாக வைத்துக்கொள். நீ 800 ஆக்கினாய், பின்னால் இரண்டு பேரும் பெரிய பிளைண்டும் கால். நாலு பேர், 3200. சின்ன பிளைண்ட் விட்டுப்போன 100. ஆக 3300. ஃப்ளாப்பில் 2000 போட்டாய், ஒருவர் கால். 7300. டர்னில் (நாலாவது பொதுச் சீட்டில்) பாட்டில் பாதி அளவு போட நினைத்தால் 3600 பக்கம். காசினோ தன் பங்காக எடுப்பதை நூறு, இருநூறு என்று கழித்துக்கொள், துல்லியம் வேண்டாம். ஆன்லைனில் ‘பாதி’, ‘முக்கால்’ என்ற பட்டன் இருந்தது; அதனால் 3300-ஐயே நீ என்றைக்கும் பார்த்ததில்லை. வீட்டில் பழக ஒரு கட்டுச் சீட்டும் இரண்டு பிடி புளியங்கொட்டையும் போதும். கொட்டை ஒன்றுக்கு நூறு. காசு வைக்காதே, தமிழ்நாட்டில் அது வேறு வம்பு.

எதிராளியின் சிப்ஸையும் கண்ணால் அளக்கப் பழகு. ஒரு அடுக்கில் 20 சிப் வைப்பது வழக்கம். பெரிய மதிப்புள்ளவை முன்னால் தெரிய இருக்க வேண்டும், மறைத்து வைப்பது தவறு. நீயும் அப்படியே அடுக்கு. ஒரு கை (ஒரு சுற்று ஆட்டம்) நடக்கும்போது பையிலிருந்து புதிதாகச் சேர்க்கவும் முடியாது, ஜெயித்ததில் பாதியை எடுத்து ஒளிக்கவும் முடியாது.

ஆடுகிற விதமும் மாறும். ஆன்லைனில் நீ பெரிய பிளைண்டின் இரண்டரை மடங்கு ஏற்றித் தொடங்குவாய். குறைந்த தொகை ஆடும் சின்ன மேசைகளில் அது யாரையும் விரட்டாது. ஐந்து பேர் உள்ளே வருவார்கள். அங்கே நாலு முதல் ஆறு மடங்கு, முன்னால் வெறுமனே 200 போட்டு நுழைந்தவர் ஒவ்வொருவருக்கும் இன்னொரு மடங்கு. அப்படியும் மூன்று பேர் வருவார்கள். அவர்கள் படகேறி, டிக்கெட் வாங்கி வந்திருப்பது சீட்டை மடிப்பதற்கா? ஆகவே உன் பிளஃபை (வெறுங்கையோடு மிரட்டுவதை) மூட்டை கட்டு. நல்ல கை வந்தால் பெரிதாகப் போடு, பணம் கொடுக்க ஆள் இருக்கிறது. ஆனால் அமைதியாக இருந்தவர் ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) எழுந்து ரெய்ஸ் செய்தால் ஒற்றை ஜோடியை மடித்துவிடு. ‘இவர் பிளஃப் அடிக்கலாமே’ என்ற யோசனையெல்லாம் அந்த மேசையில் செலவுதான். சின்ன ஜோடிகளுக்கு மதிப்பு கூடும்: ஃப்ளாப்பில் மூன்றாவது சேர எட்டரைக்கு ஒரு தடவை வாய்ப்பு, சேர்ந்தால் ஐந்து பேரில் ஒருவர் பெரும்பாலும் காசு தருவார்.

ஆள் படிப்பது என்று எல்லாரும் பெரிதாகப் பேசுவார்கள். அதில் பாதி கதை. எனக்கு உருப்படியாகத் தெரிவது இரண்டு: பெரிய தொகை போடும்போது கை நடுங்கினால் அது பயமில்லை, பெரும்பாலும் நல்ல சீட்டு. இன்னொன்று, உன் இடது பக்கம் இருப்பவர்கள். உனக்குப் பின் முறை வருபவர்கள் அவர்கள். மடிக்கப் போகிறவர்களில் பலர் தங்கள் சீட்டைப் பார்த்ததும் தயாராகக் கையில் பிடித்திருப்பார்கள். அவசரமாக உன் சீட்டைப் பார்க்காமல், முறை வரும்வரை அந்தப் பக்கம் பார். காசில்லாமல் கிடைக்கிற தகவல்.

வேகம் உன்னைக் கொல்லும், குமரா. மணிக்கு 25, 30 கைதான். நாலு மேசை திறந்து வைத்து மணிக்கு 280 ஆடியவன் நீ. மூன்று நாள், தினம் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 720 கை. வீட்டில் அது இரண்டரை மணி நேர வேலை. ஏஸ் ஜோடி 221-க்கு ஒன்று, ஆக மூன்று நாளில் மூன்று தடவை பார்ப்பாய், பார்க்காமலும் வருவாய். ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தக் கணக்கு உன் திறமையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சலிப்பில், ராஜாவும் 7-ம் இனம் சேராமல் வந்த சீட்டையெல்லாம் ஆடுவதுதான் இங்கே பெரிய நோய். கையில் செல்போன் எடுக்காதே. ஒரு சுற்றில் ஆடிக்கொண்டிருக்கும்போது பல மேசைகளில் அனுமதியும் கிடையாது. உன்னோடு வருகிறவன் அதே மேசையில் இருந்தால் கை நடுவே தமிழில் பேசாதீர்கள், மற்றவர்களுக்குப் புரியாத மொழியில் பேச்சு வந்தாலே சந்தேகம்தான்.

உட்காருமுன் இரண்டு கேள்வி கேள்: ஒவ்வொரு பாட்-இலிருந்தும் காசினோ எடுப்பது எத்தனை விழுக்காடு, அதிகபட்சம் எவ்வளவு. சின்ன மேசையில் அது உன் லாபத்தையே தின்னும், டீலர் டிப்ஸ் தனி. ஜெயித்த தொகைக்கு 30 விழுக்காடு வரி, அதன் மேல் 4 விழுக்காடு செஸ். தோற்றதைக் கழித்துக் காட்ட முடியாது. மேசைக்கு 100 பெரிய பிளைண்ட் அளவு எடுத்துப் போ. மூன்று நாளைக்கு மூன்று தடவை. நாலாவது தடவை வேண்டாம், ஏடிஎம் கார்டை வீட்டிலேயே வை.

அடுத்த ஞாயிறு சில்வர் பீச் பக்கம் வருகிறேன். கொட்டையை எண்ணி வை, நீயே டீலர். பாட் எவ்வளவு என்று திடீர் திடீரென்று கேட்பேன்.

அன்புடன்,
ரகு